வெள்ளைக்கார மேளம்

போன வாரம் அப்பாவுக்குக் காது மெஷின் வாங்க, ஊரின் பழைய கடைவீதிப் பகுதியான கேம்ப்புக்குப் போயிருந்தோம். நாங்கள் இருக்கிற மகர்பட்டாவிலிருந்து ஆட்டோ. வழி முழுக்க அப்பா டிரைவரிடம் இந்தியில் பேசிக்கொண்டே வந்தார். டிரைவர் சொன்ன பதிலும் அப்பா கேட்ட கேள்வியும் ஓரிடத்திலும் சந்தித்துக்கொள்ளவில்லை. மழை பற்றி அவன் சொன்னதற்கு அப்பா "இரண்டு பெண் குழந்தைகளா, நல்லது" என்று ஆசீர்வாதம் செய்தார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன். அப்பாவோடு எங்கே போனாலும் ஒரு கட்டத்தில் நான் வெளியே பார்க்க வேண்டிவரும், அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

கடையில் ஒரு மராத்திப் பெண் அப்பாவைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றாள். அப்பா வெகு ஜோராக அழுத்தினார். எனக்கே பெருமையாக இருந்தது. பிறகுதான் அவள் கண்டுபிடித்தாள், அப்பா அவள் கையைப் பார்த்து அழுத்துகிறார் என்று. அவள் இங்கே விரலை அசைத்தால் அவர் அங்கே அழுத்துகிறார். எண்பது வயது தாண்டிய மனிதர், பரீட்சையில் காப்பி அடிக்கிறார்! அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்காரவைத்தாள். அதற்குப் பிறகு அப்பா பொத்தானைத் தொடவே இல்லை.

"கதீபாசூன்?" என்று என்னைக் கேட்டாள். எப்போதிலிருந்து? நாலைந்து வருஷமாக என்றேன். அவள் கம்ப்யூட்டரில் ஒரு கோட்டைக் காட்டினாள். இது வயதால் வந்தது இல்லை, சத்தத்தில் போனது, ஃபேக்டரி வேலையா என்றாள். ஆமாம் என்றேன். அப்படியென்றால் முப்பது நாற்பது வருஷமாவது ஆகியிருக்கும், வீட்டில் ஒருவருமா கவனிக்கவில்லை என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்புறம் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அப்பாவின் காது மடலைத் துடைத்தாள் பாருங்கள், அந்த வாசனை வந்ததுதான் தாமதம், நான் சின்ன வயதில் நாங்கள் இருந்த கிர்க்கி குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டேன்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பிரிட் வாசனை வரும். டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைப்பது என் வேலை. தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, உள்ளே விட்டுத் துடைத்தால் காவி நிறத்தில் அழுக்கு வரும். அந்த அழுக்கும் பாட்டுதான் என்று நான் நினைத்திருந்தேன். எந்தப் பாட்டின் அழுக்கு இது என்று முகர்ந்துகூடப் பார்த்திருக்கிறேன். என் அறிவு அப்போது அவ்வளவுதான், இப்போதும் பெரிதாக வளர்ந்துவிடவில்லை என்பதைப் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள்.

அப்பா ராணுவத் தொழிற்சாலையில் பிரஸ் ஷாப் என்கிற இரும்படிக்கும் பட்டறையில் இருந்தார். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அவருடைய ஷாப்பில் இரும்பை அடிக்கிற சத்தம் ரோட்டுக்குக் கேட்கும், பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்கு உள்ளங்காலில் தெரியும். அந்த ஷாப் ஆட்கள் எல்லோர் வீட்டிலும் பேச்சே கத்தல்தான். உப்பு கேட்டாலும் கத்தல், சாமி கும்பிட்டாலும் கத்தல். லைன் என்று சொல்கிற எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் எவருடைய குடும்ப ரகசியமும் ரகசியமாக இருந்ததில்லை. அதனால் அப்பா கத்திப் பேசுவதும், நாம் சொன்னதை இரண்டாம் தரம் கேட்பதும் எங்களுக்கு விசேஷமாகப் படவில்லை. "இவருக்குத் திமிரு. காதுல வாங்கிக்கவே மாட்டாரு" என்பாள் அம்மா. காதில் வாங்கிக்கொள்ளாததற்குத் திமிரைத் தவிர வேறு காரணம் இருக்கும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

நான் அப்போது கேம்ப்பில் ஒரு கல்லூரியில் பதினொன்றாவது சேர்ந்திருந்தேன், இங்கே பதினொன்றாவதே கல்லூரியில்தான். கூடப் படித்தவள் இவெட், கோவாக்காரி. அவள் வீட்டில் அந்த இங்கிலீஷ் பேண்டின் கேசட்டுகள் அலமாரி நிறைய இருந்தன. எந்த பேண்ட் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவீர்கள், மீதிப் பேர் கட்டிக்கொள்வீர்கள், கதை நின்றுவிடும். நீண்ட முடி, இறுக்கமான பேன்ட், பாடுகிறவன் தொண்டையைக் கிழித்துக்கொள்வான், டிரம் அடிக்கிறவன் மாடு மிரண்ட மாதிரி அடிப்பான். அது போதும். எனக்கு வார்த்தை பாதிகூடப் புரியாது. புரியாமலேயே உயிரை விட்டேன். கேம்ப் பெண்களின் மத்தியில் கிர்க்கி குவார்ட்டர்ஸ் பெண்ணுக்கு நிற்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அந்த பேண்ட் அந்த இடத்தைக் கொடுத்தது. இவெட் ஒரு காலி கேசட்டில் பதிந்து கொடுத்தாள். அம்மா கண்ணில் பட்டால் தீர்ந்தது என்று அதை, கடையில் பதிந்து வாங்கி வீட்டில் வைத்திருந்த மங்கல இசை கேசட்டின் பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன். நாதஸ்வரத்தை என் புத்தகப் பைக்குள் போட்டேன்.

இதற்குள் உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்குத்தான் விளங்காமல் போயிற்று, ஏனென்றால் பொங்கல் வருகிறது என்ற நினைப்பே எனக்கு இல்லை.

லைன் தமிழர்கள் எல்லாரும் சேர்ந்து கம்யூனிட்டி ஹாலில் பொங்கல் விழா வைப்பார்கள். பக்கத்து வீட்டுத் தேவராஜ் மாமாதான் செக்ரட்டரி. அந்த வருஷம் அப்பாவின் ஷாப் மேலதிகாரி, பெரிய சாஹேப், மனைவியோடு வந்து குத்துவிளக்கு ஏற்றுவதாக இருந்தது. டேப் ரெக்கார்டர் இருக்கிற வீடு என்பதால் மைக்செட் பொறுப்பு அப்பாவுக்கு. அவர் வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி இட்டு, வாடகை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் கம்பீரமாக நின்றார். அம்மா பட்டுப்புடவையில், சாஹேபின் மனைவிக்குக் கொடுக்க வேண்டிய தாம்பாளத்தோடு முன்வரிசையில். நான் கோலத்துக்கு அந்தப் பக்கம் பன்னீர்ச் செம்போடு.

சாஹேப் தீக்குச்சியைக் கிழித்தார். தேவராஜ் மாமா அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். அப்பா பொத்தானை அழுத்தினார்.

அந்த ஹாலின் தகரக் கூரை ஒரு தரம் துள்ளி உட்கார்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். கிடார் கிழித்துக்கொண்டு கிளம்பியது, பின்னாலேயே பாடுகிறவன் அலறினான். தீக்குச்சி சாஹேப் கையிலேயே அணைந்தது. அந்தம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். குழந்தைகள் வீறிட்டன. அது என் கேசட் என்பது முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? ஸ்பீக்கர் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணை லேசாக மூடினார். திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, தேவராஜ் மாமாவுக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். மாமா இரண்டு கையையும் மேலும் கீழும் ஆட்டி, குறை குறை என்று குதித்தார். அப்பா சரி என்று தலையசைத்துச் சத்தத்தை இன்னும் கூட்டினார்.

கடைசியில் மாமாவே ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார். "இன்னாய்யா இது? இன்னா பண்ணிக்கினு கீற?" அப்பா மாமாவின் வாயைப் பார்த்தார். அப்புறம் சாஹேப் முகத்தை, அவர் மனைவி காதிலிருந்து கையை எடுப்பதை, குழந்தைகளை, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். நான் அழ ஆரம்பித்திருந்தேன். அப்பா சாஹேப் பக்கம் திரும்பி, "மைனே ஹீ லகாயா சாப். மேரா ஃபேவரிட் ஹை" என்றார். நான்தான் போட்டேன், எனக்குப் பிடித்த பாட்டு.

ஹாலே வாயைப் பிளந்தது. சாஹேப் ஒரு கணம் முறைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "படா ஷௌகீன் ஆத்மி ஹை" என்று அப்பாவின் முதுகில் தட்டினார். பெரிய ரசிகன்தான் போ என்கிற மாதிரி. அதோடு மற்றவர்களும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். "மானம் மரியாத எல்லாம் போச்சு. நாளிக்கு நான் தண்ணி புடிக்க எந்த மூஞ்ச வெச்சினு போவேன்?" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே போனாள்.

ஒரு பேண்டுக்கு ஆயுள்கால ரசிகராவது எப்படி என்று ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். அண்ணன் வாங்கிவந்த கேசட், காதலித்த பெண், ஹாஸ்டல் ரூம்மேட். எங்கள் அப்பா ரசிகரானது இப்படி. மறுநாள் ஷாப்புக்குள் நுழைந்ததுமே "ராக் ஸ்டார் ஆயா", ராக் ஸ்டார் வந்தாச்சு என்று விசில் அடித்திருக்கிறார்கள். சாஹேப் ரவுண்டு வரும்போது நின்று, இப்போது என்ன கேட்கிறாய் என்று விசாரிப்பாராம். சொன்னது சொன்னதுதானே, மெய்ப்பிக்க வேண்டாமா? அடுத்த ஞாயிறு காலை ஜன்னலைத் திறந்துவைத்து அந்தக் கேசட்டைப் போட்டார். அதற்கடுத்த ஞாயிறும். எனக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்லை, தொலைந்துவிட்டது என்று இவெட்டிடம் புளுகினேன்.

ஜூனா பஜார் பழைய சாமான் சந்தையில் ஸ்பீக்கர் ஒன்று வாங்கிவந்து, பேக்கிங் பலகையில் பெரிய பெட்டி செய்து அதில் பொருத்தினார். ஸ்டூலைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பெட்டி மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். வாய்க்குள் "தக தரிகிட" என்று ஓடிக்கொண்டிருக்கும். பெட்டி மேல் வைத்த டம்ளரில் டீ அதிரும். அந்த முகத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. கோயிலில்கூட அப்படி இருந்தது கிடையாது. கொஞ்ச நாளில் அவர் ஊருக்காகப் போடவில்லை, தனக்காகவே போடுகிறார் என்பது தெரிந்துவிட்டது.

அம்மாதான் பாவம். "எல்லார் வூட்லயும் ஞாயித்துக்கெழமன்னா மீன் கொழம்பு வாசன வரும். நம்ம வூட்ல மட்டும் வெள்ளக்காரன் உயிர் போற மாதிரி கத்துறான்" என்பாள். பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு சமைப்பாள். வேண்டுதல்கூடச் செய்தாள், டேப் ரெக்கார்டர் கெட்டுப்போகட்டும் என்று. கெட்டது, அப்பா அதையும் ரிப்பேர் பண்ணிவிட்டார்.

என் கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். விஷயம் இவெட் வரைக்கும் போய், கேம்ப் பெண்கள் நாலு பேர் ராக் அங்கிளைப் பார்க்க வேண்டும் என்று கிர்க்கிக்கே வந்துவிட்டார்கள். எந்த ஆல்பம் பிடிக்கும் அங்கிள் என்று கேட்டார்கள். அப்பா சிரித்தபடி டீ சாப்பிடுங்கள் என்றார். ஒரு பாட்டுப் பாடிக் காட்டுங்கள் அங்கிள் என்று வாய்க்கு முன்னால் கையை மைக் மாதிரி வைத்துக் காட்டினார்கள். அது புரிந்துவிட்டது. கோரைப்பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொடையில் தட்டி, "தக தரிகிட, தோம் தோம்" என்று முழு மூச்சாக ஆரம்பித்தார். அவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அன்றோடு நான் அந்த பேண்டை விட்டேன். அப்பாவுக்குப் பிடித்த ஒன்று அந்த வயதில் நமக்கு எப்படிப் பிடிக்கும், சொல்லுங்கள்?

ஆனால் ஒன்றை மட்டும் மனசுக்குள் பொத்திவைத்திருந்தேன். அன்றைக்கு ஹாலில் நான் அழுததை அப்பா பார்த்தார், அது என் வேலை என்று புரிந்துகொண்டார், என்னைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். இதுதான் என் கணக்கு. கல்யாணம் ஆனதும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பையனுக்குச் சொல்லி வளர்த்தேன். ஆபீஸில் தந்தையர் தினத்தன்று மைக்கைப் பிடித்துச் சொல்லி இரண்டு பேரை அழவைத்தும் இருக்கிறேன். மகளுக்காக ஆயுள் முழுக்க ராக் ரசிகராக நடித்த தகப்பன்! கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று.

இத்தனையும் ஒரு பஞ்சு ஸ்பிரிட்டில் வந்து போயிற்று. அதற்குள் அந்தக் கடைப் பெண் அப்பாவின் இரண்டு காதிலும் மெஷினை மாட்டி முடித்திருந்தாள். அப்பா திடுக்கிட்டு மேலே பார்த்தார், ஃபேன் சத்தம் போடுகிறது என்றார். ஆட்டோவில் திரும்பி வரும்போது தாங்க முடியாமல் கேட்டேன்.

"அப்பா, அந்தப் பொங்கல் அன்னிக்கே உங்களுக்குக் காது கேக்காதா?"

"அதுக்கு முன்னாடியேர்ந்தே. கும்முனு தாளம் மட்டும் கையில தெரியும். பொட்டி அதிர்ந்துச்சு, தவில் நல்லா வாசிக்கிறான்னு நெனச்சேன்."

"அப்ப உங்க பாட்டுன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"பின்ன? எதிர்ல சாஹேப் நிக்கிறாரு. செவுடன்னு தெரிஞ்சா மெடிக்கல்ல அன்ஃபிட்னு எழுதி அனுப்பிட்டா? வேல போனா குவார்ட்டர்ஸும் போவும். கிறுக்கன்னு நெனச்சா வேல போவாது இல்ல."

ஆட்டோ சிக்னலில் நின்றது. நான் விடவில்லை. "எனக்காகச் சொல்லலியா? அது என் கேசட்டுப்பா."

அப்பா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "உன்னுதா அது? கடக்காரன் மாத்தி ரெக்கார்டு பண்ணிட்டான்னு இல்ல இத்தினி வருசமா நெனச்சினு இருக்கேன்."

தந்தையர் தினத்துக் கைத்தட்டல் அப்படியே காதில் கேட்டது. அழுத அந்த இரண்டு பேரும் இன்னும் என் பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே பார்க்கலாம் என்று திரும்பினால் பஸ் ஒன்று வழியை மறைத்துக்கொண்டு நின்றது. தகப்பன் செவிடாகிக்கொண்டு போனதை ஒரே கூரையின் கீழ் இருந்தும் கவனிக்கவில்லை, அதில் எனக்கு ஒரு பெருமையையும் சேர்த்துத் தைத்துப் போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவே கேட்டார், "நம்ம பாட்ட போடேன், முழுசாக் கேக்கலாம்." முகத்தில் அப்படி ஓர் ஆசை. ஃபோனில் தேடி எடுத்து டிவி பக்கத்தில் இருக்கிற ஸ்பீக்கரில் போட்டேன். பழக்கத்தில் கையை நீட்டினார். ஒரு முழம் நீளத்துக்கு ஒல்லியாக ஒரு குச்சி அது, கை வைக்க இடமில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

கிடார் கிளம்பியது. அப்பாவின் முகம் சுருங்கியது. அவன் அலறினான். அப்பா நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"இன்னாடி இது? தகரத்த கீசுற மாதிரி? நம்ம பாட்ட போடு."

"இதாம்பா நம்ம பாட்டு."

நம்பவில்லை. ஃபோனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். அந்த நாளில் தன் ஸ்பீக்கர் பெட்டியில் ஒட்டிவைத்திருந்த அதே நீண்ட முடிக்காரர்கள். மறுபடியும் கேட்டார். இந்தத் தரம் தாளத்துக்குத் தலையாட்டப் பார்த்தார், முடியவில்லை. பாதியில் மெதுவாகக் கேட்டார், "பொங்கலுக்கு, விளக்கு ஏத்தும்போது, இத்தயா போட்டேன்?"

"ஆமாம்பா."

அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஐயையோ" என்றார். "அந்தம்மா காத மூடிக்கினாங்களே. தேவராஜு ஓடியாந்தானே. எவ்ளோ அசிங்கம்டி!" காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. நானும் அம்மாவும் அந்த ஹாலிலேயே பட்டு முடித்த அவமானம், இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் அவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மனிதர் துடித்துப்போனார். எவரிடமாவது போய் மன்னிப்புக் கேட்டால் தேவலை என்கிற மாதிரி வாசல் கதவைப் பார்த்தார்.

எவரிடம் கேட்பது? தேவராஜ் மாமா போய்விட்டார். சாஹேப் ரிடையராகி எந்த ஊருக்குப் போனாரோ, இருக்கிறாரோ இல்லையோ. தகரக் கூரை ஹாலை இடித்துவிட்டார்கள், எங்கள் லைனையும்தான். அங்கே இருந்தவர்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள், அந்தப் பொங்கலைச் சொல்லிச் சிரிக்கக்கூட இன்று ஆள் இல்லை. அம்மா போயும் மூன்று வருஷம் ஆகப்போகிறது.

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

"உங்கம்மா," என்றார் அப்பா. "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இத்த கேட்டுக்கினுதான் சோறு ஆக்குனாளா?"

"ஆமாம்பா."

"ஒரு வார்த்த சொல்லலியேடி."

"சொன்னாங்கப்பா. வாராவாரம் சொன்னாங்க."

அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் இருக்கிறது என்பதை மறந்துவிட்டார் போல.

"இன்னான்னு சொன்னா?"

"நிறுத்துங்கன்னு."

பிறகு ஃபோனை என்னிடம் நீட்டினார்.

"நிறுத்துடி" என்றார். "அதான் உங்கம்மா சொல்றா இல்ல."